தகரக் கதவு வரை

ஒரே ஒரு கேள்வி கூடக் கேட்காமல், அடுத்த வாரம் வீரப் பதக்கம் வாங்க இருந்த ஓர் அதிகாரியை அவர் வாயாலேயே உண்மையைக் கக்க வைத்து, கையில் சுத்தியலையும் கொடுத்து, அவர் பாவத்துக்கு அவரையே ஆணி அடிக்க வைத்தவன் நான். நீங்கள் நம்ப வேண்டாம். என் மனைவி நம்பவில்லை. என் பல் டாக்டர், நான் வாயைப் பிளந்து படுத்திருந்த நிலையிலும், இரக்கமே இல்லாமல் நம்பவில்லை என்றார். ஆனால் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் அந்த ஆணி இன்றும் இருக்கிறது. கொஞ்சம் கோணல்.

நான் அப்போது தீயணைப்புத் துறையின் உள் விசாரணைப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றதும் மாடி மாடியாகக் கட்டடத்தைக் கற்பனை செய்துவிடாதீர்கள். ஓட்டை விழுந்த ஹோஸ்களைச் சுருட்டிப் போடும் அறைக்குப் பக்கத்து அறை. உள்ளே ஒரு டேப் ரெக்கார்டர், நான், ரம்பம்.

ரம்பம் என் மனைவியின் தம்பி. வாக்குமூலங்களைப் பதிவு செய்து தட்டச்சு செய்வது அவன் உத்தியோகம். என்னை அறுப்பது பொழுதுபோக்கு. ஆள் என் தோளுக்குக் கீழே நின்றுவிட்டான். அந்தக் குறையை நாக்கு வளர்ந்து ஈடுகட்டியது. அலுவலகத்தில் என்னை 'சார்' என்பான். ஜீப்பில் ஏறியதும் 'அத்தான்' என்பான். ஒரு கால் தரையிலும் ஒரு கால் ஜீப்பிலும் இருக்கும்போது எதற்கு வம்பு என்று இருமிவிடுவான்.

தப்பு செய்தவனின் முகத்தை நான் பார்ப்பதே இல்லை. முகம் நடிக்கும். வியர்வை வெயிலுக்கும் வரும். நான் பேச்சை மட்டும் கேட்பேன். நாலு தெரு தள்ளி எவனாவது பெண்டாட்டியிடம் பொய் சொன்னால் எனக்கு இங்கே தும்மல் வரும். ரம்பத்துக்கு இதில் துளியும் நம்பிக்கை கிடையாது. பேச்சை வைத்துப் பொய்யனைப் பிடிப்பதென்றால் முதலில் வீட்டு புரோக்கர்களை லாரி லாரியாக ஏற்ற வேண்டும் என்பான்.

ஒரு நாள் காலையில் வயர்லெஸ் அக்கா வந்து நின்றார். எங்கே தீ, எந்த வண்டி போக வேண்டும் என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து அனுப்பி வைக்கிறவர். அவரைவிடப் பெரியவர்களுக்கும் அவர் அக்காதான். கையில் துணி சுற்றிய ஒரு படம். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

படத்தில் இருந்தவன் அவர் தம்பி, தீயணைப்பு வீரன். எல்லா நிலைப்படியிலும் நெற்றியை இடித்துக்கொள்ளும் உயரம் என்பதால் துறையில் அவன் பெயர் நெட்டை. போன மாதம் ஒரு மெத்தைக் கிடங்கு எரிந்தபோது உள்ளே போனவன் உயிரோடு வரவில்லை. அவனுடைய ஸ்டேஷன் ஆபீசர் கொடுத்த வாக்குமூலம் இது: நெட்டை கட்டளையை மீறிப் பின்வாசல் வழியாகத் தனியாக உள்ளே ஓடிவிட்டான். அவனைக் காப்பாற்ற நான் பின்னாலேயே போய்க் கிடங்கு முழுவதும் தேடினேன். காணவில்லை. முன்வாசலில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த மற்றவர்கள் எதையும் பார்க்கவில்லை. மேலிடத்தில் முடிந்தது விசாரணை. ஸ்டேஷன் ஆபீசருக்கு வீரப் பதக்கம். நெட்டைக்குக் கட்டளை மீறியவன் என்ற பெயர்.

பணியில் இறந்தவர்களின் படங்கள் நிலையத்துக் கூடத்தில் வரிசையாக மாட்டியிருக்கும். கட்டளை மீறியவனுக்கு அந்தச் சுவரில் இடம் கிடையாது. அக்கா கொண்டுபோன படத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அவன் தனியா போயிருக்க மாட்டான் சார்," என்றார். "இருட்டுன்னா பயம். சின்ன வயசுல என் பாவாடை நுனியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பான். பிடிச்சா விடமாட்டான். கிழிஞ்சாலும் விடமாட்டான்."

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். அக்கா படத்தின் மேல் இருந்த துணியை இழுத்துச் சரி செய்தார்.

"அந்த ஆளுக்கு வேலை போக வேண்டாம். ஜெயிலும் வேண்டாம். எல்லாரும் பார்க்க, இந்தப் படத்தை அந்தச் சுவர்ல அவர் கையால மாட்டணும். ஆணியும் அவரே அடிக்கணும். அப்புறம் தினமும் அதுக்குக் கீழ உட்கார்ந்து வேலை பார்க்கட்டும். சாகற வரைக்கும் பார்க்கட்டும்."

இவ்வளவு அழகான பழிவாங்கலை என் சர்வீஸில் நான் கேட்டதில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்கும் அந்த ஸ்டேஷன் ஆபீசரோடு ஒரு பாக்கி இருந்தது. ஏற்கெனவே வாங்கியவற்றைச் சட்டையிலிருந்து கழற்றவே மாட்டார் என்பதால் அவருக்குப் பட்டப்பெயரே பதக்கம். முந்தைய வருடம் ஒரு பெரிய கூட்டத்தில், தீ எரியும்போது விசாரணைக்காரர்கள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டு, கேன்டீனில் என்று அவரே பதிலும் சொல்லி, மண்டபத்தையே சிரிக்க வைத்தவர். ரம்பமும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் கசங்காமல் மடித்து வைத்திருந்தேன்.

அக்கா போனதும் நிலையத்துக்குக் கிளம்பினோம். பதக்கம் விழாவுக்குப் புதுச் சீருடை தைக்கத் தையற்காரரிடம் போயிருந்தார். வண்டி கழுவிக்கொண்டிருந்த வீரர்களிடம் நெட்டையைப் பற்றி நான் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. உங்கள் வாழ்க்கையில் மோசமான தீ எது, சொல்லுங்கள் என்று கதை கேட்டேன். தீயணைப்பு வீரனிடம் கதை கேட்பது திறந்த குழாய்க்குக் கீழே வாயை வைப்பது மாதிரி. சொன்னார்கள், சொன்னார்கள், வண்டி காய்ந்தே போனது.

ரம்பம் காதோடு கிசுகிசுத்தான். "சார், இதுல எவன் குற்றவாளின்னு கண்டுபிடிச்சாச்சா? எனக்கு அந்த வாளி மேலதான் சந்தேகம்."

திரும்பும்போது ஜீப்பில் அவனிடம் சொன்னேன்: இத்தனை பேர் இத்தனை கதை சொன்னார்களே, புகைக்குள் எதையாவது 'பார்த்தேன்' என்று ஒருத்தனாவது சொன்னானா? ரம்பம் யோசித்தான். ஒருத்தனும் சொல்லவில்லை. புகைக்குள் சொந்த மூக்கே தெரியாது. இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு முட்டி போட்டுப் போக வேண்டும். அதனால் உள்ளே போனவன் கதையைக் கையால் சொல்வான், முட்டியால் சொல்வான், காதால் சொல்வான். சுவர் சுட்டது, தண்ணீர் சில்லென்றது, எங்கோ கண்ணாடி வெடித்தது. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

"வெளியே வர்ற கதை?" என்றேன்.

"எல்லாரும் ஒரே பாட்டு. உடம்பு பாறாங்கல்லா கனத்துச்சு, சட்டை தண்ணியைக் குடிச்சு ஆளை இழுத்துச்சுன்னு."

"இப்ப நம்ம பதக்கத்தோட டேப்பைப் போடு."

அறைக்கு வந்து போட்டான். கம்பீரமான குரல். சாட்சி சொல்வது போல் இல்லை, பரிசளிப்பு விழாவில் பேசுவது போல் இருந்தது.

"இடது கையைச் சுவத்துல வெச்சு முட்டி போட்டுப் போனேன். சுவர் கொதிச்சுது. முழங்கால் உசரத்துல ஒரு கொக்கி கையில தட்டுப்பட்டுச்சு, தகரக் கதவு. அதைத் தாண்டி உள்ள போய் ரெண்டு பக்கமும் நல்லா பார்த்தேன். மெத்தை அடுக்கு எரியறதைப் பார்த்தேன். மூலை வரைக்கும் பார்த்தேன், யாருமே இல்ல. திரும்பிட்டேன். வரும்போது உடம்பு லேசா இருந்துச்சு. விறுவிறுன்னு வெளிய வந்துட்டேன்."

டேப்பை நிறுத்தச் சொன்னேன். தகரக் கதவு வரைக்கும் அவர் தீயணைப்பு வீரர். கதவைத் தாண்டியதும் சினிமா பார்க்கப் போனவர். கொக்கி வரை பேசிய கை அதற்கப்புறம் ஊமையாகிவிட்டது. ஏனென்றால் அதற்கப்புறம் அவர் போகவே இல்லை. நெட்டையைக் கண்டெடுத்ததும் அந்தக் கதவைத் தாண்டி ஒரு கை தூரத்தில்தான். பதக்கம் நிஜமாகவே தாண்டியிருந்தால் அவன் மேலேயே இடறி விழுந்திருப்பார். அவர் வெளியே போன பிறகு நெட்டை எங்கிருந்தோ தவழ்ந்து வந்திருப்பான் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

ரம்பம் கொட்டாவி விட்டான். "சரி, கதவோட திரும்பிட்டார். பயந்துட்டார். பயப்படறது குத்தம்னா நான் பொறந்ததுல இருந்து ஆயுள் கைதி அத்தான்."

அறைக்குள் அத்தான் என்று சொல்லிவிட்டதைக்கூட அவன் கவனிக்கவில்லை. நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பதக்கத்தின் கடைசி வரி என் காதிலேயே நின்றது. எல்லாருக்கும் கனக்கும் உடம்பு இவருக்கு மட்டும் ஏன் லேசாக இருந்தது?

"ஓடறவனுக்கு லேசாத்தான் இருக்கும்," என்றான் ரம்பம். "ஒரு 'லேசா'வை வெச்சுக்கிட்டு ஒரு ஆபீசரைக் கவுக்கப் போறீங்களா? அப்படி ஒண்ணு நடந்தா, நடந்ததுன்னு ஊரறிய ஒத்துக்கறேன். அதுவரைக்கும் நான் நம்பமாட்டேன்."

தலைமை அதிகாரியிடம் போனேன். பெரியவர் என்று நாங்கள் சொல்லும் அவர் பயந்த சுபாவம். எதிலும் முதலில் தலையாட்டிவிட்டு அப்புறம்தான் காது கொடுப்பார். பதக்கம் போன வீர வழியைப் புதிதாகச் சேர்ந்த பயிற்சி வீரர்களுக்கு அவரே பயிற்சி மைதானத்துப் புகை அறையில் நடத்திக் காட்டினால் விழாவுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். பதக்கத்திடம் சொன்னபோது அவர் மீசைக்குக் கீழே பற்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

புகை அறை என்பது ஜன்னல் இல்லாத ஒரு நீண்ட கட்டடம். நாங்கள் உள்ளே ஹீட்டர்களை முடுக்கிவிட்டோம். முகமூடிக் கண்ணாடிக்குக் கறுப்பு மை பூசினோம். தச்சரைக் கூப்பிட்டுப் பாதி வழியில் ஒரு தகரக் கதவும், முழங்கால் உயரத்தில் ஒரு கொக்கியும் போடச் சொன்னேன். முகமூடி மைக்கில் பேசுவது பக்கத்திலேயே, படங்கள் மாட்டிய அந்த நிலையத்துக் கூடத்து ஒலிபெருக்கியில் கேட்கும். அந்த வயர்லெஸ்ஸை இயக்க கன்ட்ரோல் ரூமிலிருந்து ஆள் வேண்டும் அல்லவா? அக்காவை வரவழைத்தேன்.

மிச்சம் இருந்தது துறையின் பழைய விதி ஒன்று. புகைக்குள் யாரும் ஒற்றையாகப் போகக் கூடாது. முன்னால் போகிறவன் சுவரைப் பிடிப்பான். பின்னால் போகிறவன் முன்னவனின் பெல்ட்டைப் பிடிப்பான். என்ன ஆனாலும் விடக் கூடாது. பயிற்சிக்கும் அதே விதிதான் என்று பதக்கத்திடமே சொல்லிச் சிரித்தேன். பின்னால் போகும் ஆள் ரம்பம்.

அவன் உடைக்குள் தொலைந்தே போனான். தொப்பி தனியாக நடந்து வருவது போல் இருந்தது. நான் குனிந்து அவன் காதில், தகரக் கதவு வந்ததும் பெல்ட்டை ஒரே ஒரு தடவை இழு, அப்புறம் செத்தாலும் விடாதே என்றேன். "எங்கக்கா தாலியறுத்தா நீங்கதான் கேட்கணும், நான் செத்தா யாரு கேப்பா?" என்று முனகிக்கொண்டே போனான். அதற்கு அர்த்தம் என்ன என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. அவனுக்கும்தான்.

கூடத்தில் ஊரே கூடியிருந்தது. ரம்பத்தைக் கேட்டால் இரண்டு பெஞ்சு நிறைய என்பான். பெரியவர், பயிற்சி வீரர்கள், நெட்டையோடு வேலை பார்த்தவர்கள். மூலையில் அக்கா, காதில் ஹெட்போன், காலடியில் அந்தத் துணி சுற்றிய படம். நான் டீக் கிளாஸோடு சாய்ந்து உட்கார்ந்தேன். அன்று நான் வாயைத் திறந்தது டீ குடிக்க மட்டும்தான்.

ஒலிபெருக்கியில் பதக்கத்தின் குரல் முழங்கியது. பார்த்தேன், பார்த்தேன் என்று தொடங்கியவர், சுவரைத் தொட்டதும் மெல்ல மெல்ல மாறினார். கண்ணை மூடிவிட்டால் கைதானே பேச வேண்டும்? இடது கை சுவத்துல என்றார். சுவர் சுடுது என்றார். வார்த்தைகள் குறைந்தன, மூச்சு கூடியது. பயிற்சி வீரர்களுக்குப் பாடம் நடத்துவதை அவர் மறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு கொக்கி சத்தம் கேட்டது. தகரக் கதவு.

அந்த இடத்தில் அவர் பேச்சு நின்றது.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டீயை ஊதினேன்.

"விடு," என்றது ஒலிபெருக்கி.

யாருக்குச் சொல்கிறார் என்று பயிற்சி வீரர்களுக்குப் புரியவில்லை. உள்ளே ரம்பம் சொன்னபடி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"பெல்ட்டை விடுடா. திரும்பணும்னு சொல்றேன்ல. கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் எரியுது, விடு." மூச்சு சீறியது. அப்புறம் அந்தக் குரல் நான் அதுவரை கேட்டிராத மாதிரி, பிள்ளை அழுவது போல் உடைந்தது. "நெட்டை, கையை எடு. என்னையும் சேர்த்துக் கொல்லாத. கையை எடுடா நெட்டை."

ரம்பம் 'ஆ' என்று அலறியது கேட்டது. பெல்ட் விடுபட்ட சத்தமும், பூட்ஸ் தடதடவென்று ஓடி வரும் சத்தமும் கேட்டன. பின்னால் தொங்கிய கனம் போன, லேசான உடம்பின் ஓட்டம். அன்றும் பிடி போனதும் நெட்டை இருட்டில் திசை தவறிக் கதவுக்கு அந்தப் பக்கம் தவழ்ந்திருக்கிறான்.

கூடத்தில் நெட்டையோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், தொப்பியைக் கழற்றினார். அக்கா ஹெட்போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். தம்பியின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்த குரலைக் காதாரக் கேட்ட முகம் அது. எனக்கே அதை நேராகப் பார்க்கத் தெம்பில்லை.

பதக்கம் முகமூடியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். எல்லா முகங்களையும் பார்த்தார், ஒலிபெருக்கியைப் பார்த்தார். அக்கா நடந்து போய் அவர் முன்னால் மேஜையில் மூன்று பொருள்களை வைத்தார். படம், ஒரு ஆணி, ஒரு சுத்தியல்.

"தனியா போனான்னு சொன்னீங்க," என்றார். குரல் ஏறவே இல்லை. "உங்க பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கான். அடிங்க."

பதக்கம் லேசுப்பட்டவர் இல்லை. ஒரே நொடியில் பழைய கம்பீரத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். மைக் கோளாறு என்றார். ஒலிபெருக்கியில் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம், விசாரணைக்காரரிடம் தன் குரல் பதிவு இருக்கிறது, வெட்டி ஒட்டியிருக்கிறார் என்றார். எனக்குத் தன் மேல் பழைய காழ்ப்பு என்றார். அது மட்டும் உண்மை. உள்ளே எதுவுமே நடக்கவில்லை, கதவைத் தாண்டினேன், திரும்பினேன், அவ்வளவுதான் என்று அடித்துச் சொன்னார்.

பெரியவர் தலையாட்ட ஆரம்பித்தார். அந்தத் தலை ஆடி முடிந்தால் அக்கா படத்தை மறுபடி துணியில் சுற்ற வேண்டியதுதான். பதக்கம் அதைப் புரிந்துகொண்டு, துணிச்சலாக ஒரு படி மேலே போனார்.

"வேணும்னா உள்ள என்கூட வந்த ஆளையே கேளுங்க. மச்சானைப் பத்தி அவனே ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான், எல்லாம் வெறும் அளப்புன்னு."

அது நிஜம். துறையில் என் வித்தையை நம்பாதவன் ஒருவன் உண்டென்றால் அது ரம்பம்தான் என்பது பெரியவருக்கே தெரியும். எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

அங்கே தொப்பி ஒன்று தடுமாறி வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ரம்பம். வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்திருந்தான். சுண்டு விரல் எந்த விரலும் போகாத ஒரு திசையைக் காட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் அவனிடம், உள்ளே ஏதாவது நடந்ததா என்று கேட்டார். கவனியுங்கள், கேட்டவர் அவர். நான் கேட்கவில்லை.

ரம்பம் என்னைப் பார்த்தான். இருபது வருடமாக நான் சொன்ன எதையும் ஒத்துக்கொள்ளாத வாய். மேஜையில் இருந்த படத்தைப் பார்த்தான். படத்தில் நெட்டையின் கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டி, அமைதியாக இருந்தன. ரம்பம் தன் கோணல் விரலை எல்லாரும் பார்க்க உயர்த்தினான்.

"என்னைப் பார்த்து வாழ்க்கையில ஒரே ஒரு ஆள்தான் சார் நெட்டைன்னு கூப்பிட்டிருக்கார்," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. சுத்தியலை இடது கையால் மெல்லப் பதக்கத்தின் பக்கம் தள்ளினான்.

"அத்தான் சொன்னது நடந்தது சார். அப்படியே நடந்தது."